பேசுகிற மெட்டு: எம்.எஸ்.விஸ்வநாதன்

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் எம்.எஸ்.விஸ்வநாதனின் மெட்டு ஒன்றாவது மனப்பாடம். சினிமா பார்க்க விடாத வீட்டில் வளர்ந்தவர்களுக்கும் அது தெரியும். காலையில் வரிசையில் நின்று ‘நீராருங் கடலுடுத்த’ பாடியிருப்போமே, அதைத்தான் சொல்கிறேன். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட நாடகத்தின் வாழ்த்துப் பகுதி அது. அரசு விழாக்களில் தமிழ்த்தாய் வாழ்த்தாகப் பாடவேண்டும் என்று 1970இல் முடிவானபோது, மோகன ராகத்தில், மூன்றன் நடையில் அதற்கு மெட்டமைத்தவர் விஸ்வநாதன். பாடியவர்கள் டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும். 2021 டிசம்பரில் அதுவே மாநிலப் பாடலானது. 55 விநாடிகளில் பாடி முடிக்க வேண்டும் என்பதும் அந்த அரசாணையில் இருக்கிறது.

அந்த வரிகளைப் பாட்டை மறந்துவிட்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ‘தெக்கணமும் அதிற்சிறந்த திராவிடநல் திருநாடும்’ என்று நீளும் தொடரைப் பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னால் எங்கே மூச்சு வாங்குவது என்று தெரியாமல் திணறும். அதே பிள்ளை பாடும்போது ஒரு சொல்லும் உடைவதில்லை. பொருள் நிற்கிற இடத்தில் மெட்டும் நிற்கிறது. பொருள் தொடர்கிற இடத்தில் மெட்டு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. அர்த்தம் தெரியாமலேயே கோடிக்கணக்கான பிள்ளைகள் அந்தச் செய்யுளைச் சரியாகப் பிரித்துப் பாடுகிறார்கள். இதைச் செய்தவர் பாலக்காட்டுக்காரர், தாய்மொழி மலையாளம்.

எம்.எஸ்.வி.யைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது முக்கியமாக இந்த ஒன்றுதான். தமிழ் பேசப்படும்போது எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எங்கே தயங்குகிறது என்பதை அவர் காது அறிந்திருந்தது. அந்த ஏற்ற இறக்கத்திலிருந்துதான் அவருடைய மெட்டுகள் பிறந்தன. அவரை மெல்லிசை மன்னர் என்று கொண்டாடுகிறோம், ஆயிரம் மேடைகளில் அவர் பாடல்களைப் பாடுகிறோம். ஆனாலும் அவர் செய்த இந்தக் காரியத்தின் அருமையைப் போதுமான அளவு பேசவில்லை என்றே நினைக்கிறேன்.

1928 ஜூன் 24 அன்று பாலக்காட்டுக்குப் பக்கத்தில் எலப்புள்ளியில் பிறந்தார். நான்கு வயதில் அப்பா போய்விட்டார். கண்ணூரில் தாத்தா வீட்டில் வளர்ந்தார். படிப்பு ஏறவில்லை, பாட்டு ஏறியது. நீலகண்ட பாகவதரிடம் கர்நாடக இசை கற்று, 13 வயதில் கச்சேரி செய்தார். நடிக்க வேண்டும் என்ற ஆசையோடு கோயம்புத்தூர் வந்து, ஜூபிடர் பிக்சர்ஸில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். சென்ட்ரல் ஸ்டூடியோவில் பாகவதர்களும் வாத்தியக்காரர்களும் ஒத்திகை பார்க்கிற அறையில் காபி கொடுத்துக்கொண்டே கேட்டுக் கற்ற பையன் அவர். இசையமைப்பாளர்கள் எஸ்.வி.வெங்கட்ராமன், எஸ்.எம்.சுப்பையா நாயுடு ஆகியோரின் பக்கத்தில் அப்படித்தான் போய்ச் சேர்ந்தார்.

நாயுடுவைப் பற்றி எம்.எஸ்.வி. பல மேடைகளில் கண் கலங்கச் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. ‘அபிமன்யு’ (1948) படத்துக்கு நாயுடுவுக்கு ஒரு மெட்டு அமையாமல் தட்டிக்கொண்டே போனது. யாரும் இல்லாத நேரத்தில் பையன் ஆர்மோனியத்தில் ஒன்றை வாசித்துப் பார்க்க, கேட்ட நாயுடு அதையே பாட்டாக்கினார். பெயரை மட்டும் அப்போது வெளியில் சொல்லவில்லை. சின்னப் பையன் போட்டது என்று தெரிந்தால் முதலாளிகள் ஒதுக்கிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. பிறகு ஜூபிடர் சென்னைக்கு இடம்பெயர்ந்து கோவைக் குழு கலைந்தபோது, இவனைக் கைவிடாதீர்கள் என்று முதலாளியிடம் உண்மையைச் சொல்லி அனுப்பிவைத்தவரும் அவர்தான். எம்.எஸ்.வி. அந்தக் கடனை மறக்கவில்லை. நாயுடுவையும் அவர் மனைவியையும் கடைசிக் காலத்தில் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்.

சென்னையில் அவர் சேர்ந்த இடம் இசையமைப்பாளர் சி.ஆர்.சுப்பராமனின் குழு. அங்கே வயலின் வாசித்துக்கொண்டிருந்தவர் திருச்சி டி.கே.ராமமூர்த்தி, மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையின் பேரன். 1952இல் சுப்பராமன் 28 வயதில் திடீரென்று இறந்துவிட்டார். ‘தேவதாஸ்’ உட்பட அவர் பாதியில் விட்டுப்போன வேலைகளை இந்த இருவரும் சேர்ந்து முடித்துக்கொடுத்தார்கள். அதே ஆண்டு என்.எஸ்.கிருஷ்ணன் இயக்கிய ‘பணம்’ படத்தில் விஸ்வநாதன்–ராமமூர்த்தி என்று இருவர் பெயரும் சேர்ந்து வந்தன. ஆறு வயது மூத்தவரான ராமமூர்த்தியின் பெயர் பின்னால் வந்ததற்குக் காரணம் என்.எஸ்.கே.தான் என்பார்கள். மூத்தவர் பின்னால் நின்று தாங்கினால் இளையவர் விழமாட்டார் என்று அவர் சொன்னாராம்.

பதின்மூன்று ஆண்டுகள் அந்தக் கூட்டு நீடித்தது. அந்தக் காலத்துக்குள் அடங்கியவற்றை எண்ணிப்பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. ‘பாசமலர்’, ‘பாவ மன்னிப்பு’, ‘பாலும் பழமும்’ மூன்றும் 1961 என்ற ஒரே வருடத்தில். மறு வருடம் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’, ‘சுமைதாங்கி’. 1964இல் ‘கர்ணன்’, ‘காதலிக்க நேரமில்லை’, ‘புதிய பறவை’, ‘படகோட்டி’, ‘சர்வர் சுந்தரம்’, ‘ஆண்டவன் கட்டளை’ எல்லாம் வரிசையாக. புராணம், மேல்தட்டு நகைச்சுவை, கொலை மர்மம், மீனவர் வாழ்க்கை என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத உலகங்கள் இவை. எதிலும் அடுத்த படத்தின் சாயல் இல்லை.

பேச்சுத் தமிழ் மெட்டாவது எப்படி என்பதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டும் பாடல் ‘பாவ மன்னிப்பு’ படத்தின் ‘அத்தான் என்னத்தான்’. கண்ணதாசன் ‘தான்’ என்ற ஒலியை வரிக்கு வரி அடுக்கி வைத்திருக்கிறார். வேறு யார் கையிலாவது இது கிடைத்திருந்தால் அந்த எதுகையைத் தாளத்தில் தட்டிக் காட்டும் வேடிக்கைப் பாட்டாகியிருக்கும். இங்கே சுசீலா அந்தச் சொல்லைச் சொல்ல வந்து, வெட்கப்பட்டு, நிறுத்தி, மறுபடி சொல்கிறார். வாத்தியங்கள் விலகி நின்று காத்திருக்கின்றன. தோழியிடம் ரகசியம் சொல்கிற பெண் எப்படி முழு வாக்கியமாகப் பேசமாட்டாளோ, அப்படியே மெட்டும் முழுதாக வருவதில்லை. ‘தான்’ எத்தனை தடவை வந்தாலும் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு உணர்ச்சி.

பதினாறு வருடம் கழித்து ‘பட்டினப் பிரவேசம்’ (1977) படத்தில் ‘வான் நிலா நிலா அல்ல’ பாட்டில் கண்ணதாசன் ‘லா’வில் முடியும் சொற்களாகவே கொட்டினார். எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடினார். அங்கே வெட்கம் இல்லை, நினைவில் மூழ்கிய ஒருவனின் மெல்லிய பித்து இருக்கிறது. அதே சொல்விளையாட்டுக்கு முற்றிலும் வேறு மனநிலை. வயலினும் குரலும் மாறி மாறிப் பேசிக்கொள்கின்றன. கேட்டு முடித்த பிறகுதான் எல்லா வரியும் ஒரே ஒலியில் முடிந்தது என்பதே உறைக்கும்.

‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிட்டத்தட்ட முழுவதும் ஒரே மருத்துவமனை அரங்குக்குள் நடக்கிற படம். சாகப்போகிறோம் என்று நம்புகிற கணவன், தான் போன பிறகு அவளை முன்பு காதலித்த டாக்டரையே திருமணம் செய்துகொள்ளச் சொல்கிறான். அவள் கேட்கிறாள்: ‘சொன்னது நீதானா?’ வீட்டில் யாராவது தாங்க முடியாத ஒன்றைச் சொல்லிவிட்டால் நாம் முதலில் கத்தமாட்டோம். நம்பாமல் மெதுவாகத் திருப்பிக் கேட்போம். அந்தக் குரலில்தான் பாட்டு தொடங்குகிறது. பின்னால் வருகிற மூன்று ‘சொல்’லும் ஒன்றுபோல ஒலிப்பதில்லை, கேள்வி, கெஞ்சல், களைப்பு என்று நகர்கின்றன. சிதார் அழுகையை அவளுக்குப் பதிலாக ஏற்றுக்கொள்கிறது. ஸ்ரீதர் படமாக்கியதும் தேவிகா நடித்ததும் அருமைதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அந்த அறையும் கட்டிலும் தெரிகின்றன.

பேச்சு என்றால் ஒரே பேச்சா? ‘அனுபவி ராஜா அனுபவி’ (1967) படத்தின் ‘முத்துக் குளிக்க வாரீகளா’வைக் கேளுங்கள். தூத்துக்குடிப் பக்கத்து இழுவையே அங்கே மெட்டு. ‘வாரீகளா’ என்ற அந்த நீட்டலைச் சென்னைத் தமிழின் வேகத்துக்குள் அடைத்திருந்தால் பாட்டே செத்திருக்கும். அதே படத்தில் ‘மெட்ராஸ் நல்ல மெட்ராஸ்’ பாட்டு நகரத்து நெரிசலில் முட்டி மோதிக்கொண்டு ஓடுகிறது. எல்.ஆர்.ஈஸ்வரியின் குரலுக்கு இருந்த மண்வாசனையையும் துள்ளலையும் அவர் பயன்படுத்திய விதம் தனிப் பாடமாக வைக்கத்தக்கது. கோரஸில் நின்றுகொண்டிருந்த அந்தப் பெண்ணுக்குத் தனி வெளிச்சம் கொடுத்தது ‘பாசமலர்’ படத்தின் ‘வாராயென் தோழி’. இன்றும் தமிழ்க் கல்யாண மண்டபங்களில் அது ஒலிக்கிறது.

இந்தப் பாடல்கள் உருவான விதத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அன்றைய ரெக்கார்டிங்கில் குரலும் வாத்தியங்களும் ஒரே நேரத்தில் ஒன்றாகப் பதிவாகும். தனித்தனியாகப் பதிந்து பிறகு ஒட்டுகிற வசதி கிடையாது. மூன்றரை நிமிடப் பாட்டின் மூன்றாவது நிமிடத்தில் பின்வரிசையில் ஒருவர் வில்லைத் தவறாக இழுத்தால் எல்லாரும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்தக் காலத்து ரெக்கார்டிங் எப்படி இருந்தது என்று பார்க்க நமக்கு ஒரு பொக்கிஷம் இருக்கிறது. ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் வாலி எழுதிய ‘அவளுக்கென்ன அழகிய முகம்’ பாட்டை ஒலிப்பதிவுக் கூடத்தில் நடப்பதாகவே படமாக்கியிருக்கிறார்கள். டி.எம்.எஸ். மைக் முன்னால் நிற்கிறார். ஒல்லியான, வெள்ளை உடை அணிந்த எம்.எஸ்.வி. கையை வீசி வாத்தியக் குழுவை நடத்துகிறார். பாங்கோஸ், டிரம்பெட், வயலின் வரிசை எல்லாவற்றையும் கேமரா சுற்றிக் காட்டுகிறது. அவர் உடம்பு முழுவதும் தாளத்தில் இருக்கிறது. கையைப் பார்த்தாலே அடுத்து எந்த வாத்தியம் வரப்போகிறது என்று தெரிந்துவிடும்.

எம்.எஸ்.வி.யின் வேலைமுறை பாடிக் காட்டுகிற முறை. மெட்டையும், இடையிசையில் ஒவ்வொரு வாத்தியமும் வாசிக்க வேண்டியதையும் அவர் வாயால் பாடுவார். உதவியாளர்கள் அதைக் குறிப்பாக எழுதிக்கொள்வார்கள். ஷெனாய் சத்யம், சிதார் ஜனார்த்தன், அக்கார்டியன் மங்களமூர்த்தி போன்ற கலைஞர்களின் கையும் மூச்சும் அவருக்கு அத்துப்படி. பாட்டில் ஷெனாய் வருகிறது என்றால் அங்கே சத்யத்தை நினைத்தே அந்தத் துண்டைப் பாடியிருப்பார். அவருடைய இடையிசைகள் இவ்வளவு பாடக்கூடியவையாக இருப்பதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம். அவை ஒரு மனிதத் தொண்டையில் பிறந்தவை. மேடைக் கச்சேரிகளில் ரசிகர்கள் பல்லவிக்கு முன்பே முன்னிசையை வாயால் பாடத் தொடங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? எல்லா இசையமைப்பாளர்களுக்கும் அது நடப்பதில்லை.

எங்கள் வீட்டில் அப்பா இலங்கை வானொலி வைப்பார். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு நாங்கள் தமிழ்ப் பாட்டு கேட்டது பெரும்பாலும் கொழும்பிலிருந்துதான். பாட்டுக்கு முன்னால் படம், பாடியவர், எழுதியவர், இசை என்று அறிவிப்பாளர்கள் ஒன்றுவிடாமல் சொல்வார்கள். ‘இசை விஸ்வநாதன் ராமமூர்த்தி’ என்ற அந்தத் தொடர் ஒரே ஆளின் பெயர் என்றுதான் சின்ன வயதில் பலரைப்போல நானும் கேட்டு வளர்ந்தேன். கேட்டுக்கொண்டே அப்பா துணி மடிப்பார். பி.பி.ஸ்ரீனிவாஸ் பாட்டு வந்தால் மட்டும் கை நின்றுவிடும்.

‘காலங்களில் அவள் வசந்தம்’ அப்படிப்பட்ட பாட்டு. ‘இவற்றில் அவள் இது’ என்று ஒரே வாக்கிய அமைப்பை வரிக்கு வரி திரும்பச் சொல்கிற கவிதை. மெட்டு ஒவ்வொரு வரியிலும் முதல் சொல்லைச் சற்றுத் தூக்கி வைத்து, ‘அவள்’ என்று வரும்போது குரலைத் தாழ்த்தி விடுகிறது. உரக்கப் புகழ்ந்தால் கேட்பவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். தனக்குள் சொல்லிக்கொள்கிறவன் குரலில் வந்ததால்தான் அறுபது வருடங்களாக அது பழசாகவில்லை. ஸ்ரீனிவாஸின் அந்த மென்குரலை நம்பி அவர் போட்ட மெட்டுகள் டி.எம்.எஸ்ஸுக்குப் பொருந்தாது, டி.எம்.எஸ்ஸின் கம்பீரத்துக்குப் போட்டவற்றை ஸ்ரீனிவாஸ் பாட முடியாது. யார் தொண்டை என்று முடிவு செய்த பிறகுதான் அவர் மெட்டு முழுமையாகியிருக்கும் போல.

‘சுமைதாங்கி’யின் ‘மயக்கமா கலக்கமா’வும் ஸ்ரீனிவாஸ் பாடியதுதான். வாய்ப்புக் கிடைக்காமல் சென்னையை விட்டு ஊருக்குக் கிளம்ப இருந்த தன்னைத் தடுத்து நிறுத்தியது அந்தப் பாட்டு என்று வாலி வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவரே எம்.எஸ்.வி.யின் அறைக்குள் கவிஞராக நுழைந்து, ‘படகோட்டி’க்கும் ‘எங்க வீட்டுப் பிள்ளை’க்கும் பாட்டு எழுதினார்.

கண்ணதாசனோடு எம்.எஸ்.வி.க்கு இருந்த உறவைப் பற்றி எழுத ஒரு தனிக் கட்டுரை வேண்டும். ‘பணம்’ படத்திலேயே தொடங்கிய அந்த நட்பு 1981 அக்டோபரில் கவிஞர் சிகாகோவில் மறையும்வரை நீண்டது. ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு இவர் தத்தகாரம் பாடுவார், அதாவது மெட்டைச் சொல்லில்லாமல் ‘தன தான’ என்று பாடிக் காட்டுவார்; அவர் நடந்துகொண்டோ படுத்துக்கொண்டோ வரிகளைச் சொல்வார்; பஞ்சு அருணாசலம் எழுதிக்கொள்வார். சில நாள் வரி முதலில் வரும், மெட்டு பின்னால் போகும். இந்த அறைக்குள் நடந்த மாயத்தையே கே.பாலசந்தர் ஒரு பாட்டாக்கினார்: ‘வறுமையின் நிறம் சிவப்பு’ (1980) படத்தின் ‘சிப்பி இருக்குது’. ஜானகி தத்தகாரத்தில் சந்தம் கொடுக்க, எஸ்.பி.பி. அதற்கு வரி பிடிக்க, பாட்டு நம் கண் முன்னே கட்டப்படுகிறது. கமலும் ஸ்ரீதேவியும் திரையில் விளையாடுவது, விஸ்வநாதனும் கண்ணதாசனும் முப்பது வருடமாகச் செய்துகொண்டிருந்த வேலை.

பாலசந்தர் காலத்து எம்.எஸ்.வி.யை நான் இன்னும் அதிகமாகவே நேசிக்கிறேன் என்பதை மறைக்க மாட்டேன். பெரும்பாலான ரசிகர்கள் 1965க்கு முன்பானவற்றைப் பொற்காலம் என்பார்கள். ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தோடு இருவரும் பிரிந்தார்கள். ஏன் பிரிந்தார்கள் என்று ஊர் ஆயிரம் பேசியது. இருவரும் அதிகம் பேசவில்லை. ராமமூர்த்தி தனியாகவும் சில நல்ல படங்கள் செய்தார். ‘மறக்க முடியுமா’ (1966) படத்தின் ‘காகித ஓடம்’ ஒன்று போதும், அவர் யார் என்று சொல்ல. கூட்டாகச் செய்தவற்றில் எது யாருடையது என்று பங்கு பிரிக்கிற விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. ஆனால் தனியாக வந்த பிறகு விஸ்வநாதன் சளைத்துவிட்டார் என்று சொல்பவர்கள் எழுபதுகளைச் சரியாகக் கேட்கவில்லை.

‘அபூர்வ ராகங்கள்’ (1975) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘அதிசய ராகம்’ பாட்டு பாலமுரளிகிருஷ்ணா உருவாக்கிய மகதி ராகத்தில் அமைந்தது. ஏழில் நான்கே ஸ்வரங்கள் கொண்ட ராகம். நான்கு படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே ஒரு முழுக் காதலையும் சொல்ல வேண்டும். ஜேசுதாஸ் அதில் நின்று விளையாடுகிறார். பாட்டின் கடைசியில் கதாநாயகியின் பெயரான ‘பைரவி’ வரும்போது மெட்டு சட்டென்று பைரவி ராகத்துக்குள் போய்விடுகிறது. சங்கீதம் தெரிந்தவர்கள் சிரித்து ரசிப்பார்கள். தெரியாதவர்களுக்கும் இறுகியிருந்த ஏதோ ஒன்று திறந்துகொண்டது தெரியும். அதே படத்தின் ‘ஏழு ஸ்வரங்களுக்குள்’ பாடியதற்காக வாணி ஜெயராமுக்குத் தேசிய விருது கிடைத்தது. அதற்கு முன்பே, பின்னணிப் பாடகிக்கான முதல் தேசிய விருதை 1968இன் ‘உயர்ந்த மனிதன்’ படத்துக்காகச் சுசீலா வாங்கியிருந்தார். அந்த இரண்டு படங்களுக்கும் இசை எம்.எஸ்.வி. அவருக்கென்று ஒரு தேசிய விருது வரவே இல்லை. பத்ம விருதும் வரவில்லை. இது எனக்குத் தீராத மனத்தாங்கல். 2012இல் தமிழக அரசு அவருக்கும் ராமமூர்த்திக்கும் ‘திரையிசைச் சக்கரவர்த்தி’ என்ற பட்டத்தோடு பொற்காசுகளும் காரும் வழங்கியது. அன்று இரண்டு பெரியவர்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதைப் பார்த்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அதே 2012இல்தான் ‘கர்ணன்’ புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரைக்கு வந்து, சென்னையில் நூறு நாள்களைத் தாண்டி ஓடியது. நான் போன காட்சியில் கல்லூரிப் பிள்ளைகள் நிறையப் பேர் இருந்தார்கள். போர்க்களத்தில் கர்ணன் சாய்ந்து கிடக்க, கிருஷ்ணனாக என்.டி.ராமாராவ் வந்து நிற்கும்போது சீர்காழி கோவிந்தராஜனின் ‘உள்ளத்தில் நல்ல உள்ளம்’ தொடங்கியது. செல்போனை நோண்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். சக்கரவாக ராகம். வஞ்சனையில் தனக்கும் பங்கு இருக்கிறது என்று கடவுளே ஒப்புக்கொள்கிற இடம் அது. அங்கே சீர்காழியின் வெண்கலக் குரலை முழங்க விடாமல், கனத்த மனத்தோடு ஒருவன் உண்மையைச் சொல்வதுபோல நிதானமாக நடத்தியிருக்கிறார்கள் மெல்லிசை மன்னர்கள். வடநாட்டு ராகங்களும் ஷெனாய், சாரங்கி போன்ற வாத்தியங்களும் அந்தப் படம் முழுக்க இருக்கின்றன. ஆனால் ஒரு வரியிலும் தமிழ் நசுங்கவில்லை.

வெளியிலிருந்து அவர் நிறைய எடுத்துக்கொண்டார். ‘காதலிக்க நேரமில்லை’யின் ‘அனுபவம் புதுமை’யில் ‘பெசாமே மூச்சோ’ என்ற லத்தீன் அமெரிக்கப் பாட்டின் நிழல் தெரிவதை யாரும் மறைக்க வேண்டியதில்லை. போசா நோவா, வால்ட்ஸ், ராக் அண்ட் ரோல் என்று அந்தக் காலத்து ரேடியோவில் கேட்ட எல்லாமே அவர் பாட்டுகளுக்குள் வந்து போயின. விசில் ஒலியைக்கூட ‘வந்த நாள் முதல்’ பாட்டில் ஒரு வாத்தியமாக்கினார்கள். ‘அவள் ஒரு தொடர்கதை’யின் (1974) ‘கடவுள் அமைத்து வைத்த மேடை’யில் சதனின் பலகுரல் பாட்டோடு பாட்டாக இழைகிறது. எல்லாவற்றையும் கடைசியில் வரியின் சொல்லோசைக்குக் கீழே வைத்ததால் எதுவும் இரவல் சட்டையாகத் தெரியவில்லை. அவர் போட்ட அத்தனை பாட்டும் முத்து என்று நான் வாதாட மாட்டேன். வருடத்துக்கு இருபது படம் செய்கிறவரிடம் அவசரத்தில் பிறந்த பாட்டுகளும் உண்டு. அவற்றைக் காலம் தானாகக் கழித்துவிட்டது.

அவர் பாடியவை தனி ரகம். பாடகரின் மெருகு அந்தக் குரலில் கிடையாது. உச்சத்தில் கீறல் விழும், நரம்பு புடைப்பது காதிலேயே தெரியும். ஆனால் வாழ்க்கையைப் பார்த்து ஒரு வயதான குரல் பேச வேண்டும் என்றால் இயக்குநர்கள் அவரிடம்தான் போனார்கள். ‘முகமது பின் துக்ளக்’கின் ‘அல்லா அல்லா’, ‘சொல்லத்தான் நினைக்கிறேன்’ தலைப்புப் பாட்டு, ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்தின் ‘சம்போ சிவசம்போ’. வி.குமார் இசையமைத்த ‘வெள்ளி விழா’வில் இன்னொரு இசையமைப்பாளரின் மெட்டுக்குப் போய்ப் பாடிவிட்டு வந்தார். அந்தஸ்து பார்க்கிற மனிதர் இல்லை. ‘மூன்று முடிச்சு’ (1976) படத்தின் ‘வசந்த கால நதிகளிலே’யில் ஜெயச்சந்திரனும் வாணி ஜெயராமும் அந்தாதியாகப் பாடிக்கொண்டே போக, காதலன் தண்ணீரில் விழுந்த பிறகு, துடுப்புப் போடுகிற ரஜினிகாந்துக்காக எம்.எஸ்.வி.யின் குரல் வருகிறது. அதுவரை தென்றலாக இருந்த அதே மெட்டு அந்தக் குரலில் குலைநடுங்க வைக்கிறது. மலையாளத்தில் ‘பணிதீராத்த வீடு’ (1973) படத்துக்காக வயலாரின் ‘கண்ணுநீர்த் துள்ளியே’யை அவரே பாடினார். கேரளத்தில் இன்றும் அதைக் கேட்டுக் கண் கலங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

1976க்குப் பிறகு தமிழ்த் திரையிசை இளையராஜா பக்கம் திரும்பியது. எம்.எஸ்.வி. அதைப் பொறாமையோடு பார்த்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 1986இல் இருவரும் சேர்ந்து ‘மெல்லத் திறந்தது கதவு’ செய்தார்கள். ‘வா வெண்ணிலா’வையும் ‘குழலூதும் கண்ணனுக்கு’வையும் கேட்டால், எம்.எஸ்.வி.யின் மெட்டைச் சுற்றி ராஜா எவ்வளவு மரியாதையாக வாத்தியங்களை நிறுத்தியிருக்கிறார் என்று புரியும். 1998இல் ‘காதல் மன்னன்’ படத்தில் மெஸ் நடத்துகிற பெரியவராக நடித்தார். நடிக்க வேண்டும் என்று கோயம்புத்தூருக்கு வந்த பையனின் ஆசை எழுபதை நெருங்கும் வயதில் நிறைவேறியது. 2002இல் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் ‘விடை கொடு எங்கள் நாடே’ பாட்டுக்கு அவரை அழைத்தார். ஊரை விட்டுக் கிளம்பும் ஈழத்து மக்களின் பாட்டு. எழுபத்து மூன்று வயதுக் குரலின் அந்தக் கீறல் அங்கே எவ்வளவு பொருந்தியது! இலங்கை வானொலி வழியாக எங்களுக்கெல்லாம் வந்து சேர்ந்த மனிதர், அந்த மண்ணின் துக்கத்துக்குக் குரல் கொடுத்தார்.

2013 ஏப்ரலில் ராமமூர்த்தி போனார். 2015 ஜூலை 14 அன்று சென்னையில் எம்.எஸ்.வி. மறைந்தார், 87 வயதில்.

இளைய நண்பர்கள் சிலர் எங்கிருந்து கேட்கத் தொடங்குவது என்று என்னிடம் கேட்பதுண்டு. ‘அதோ அந்தப் பறவை போல’வும் ‘எங்கே நிம்மதி’யும் தானாகவே உங்கள் காதுக்கு வந்துவிடும். ‘ஆண்டவன் கட்டளை’யின் ‘அமைதியான நதியினிலே’, ‘பாக்கியலட்சுமி’யின் ‘மாலைப்பொழுதின் மயக்கத்திலே’, ‘தண்ணீர் தண்ணீர்’ படத்தின் ‘கண்ணான பூ மகனே’, ‘கிருஷ்ண கானம்’ தொகுப்பின் ‘ஆயர்பாடி மாளிகையில்’ ஆகியவற்றைத் தேடிப் பிடியுங்கள். பாட்டைப் போடுவதற்கு முன்னால் வரிகளை மட்டும் எடுத்து, உங்கள் ஊர்ப் பேச்சில், யாரிடமோ நேராகச் சொல்வதுபோல வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எங்கே குரல் ஏறுகிறது, எங்கே நிற்கிறது என்று கவனித்துக்கொள்ளுங்கள். பிறகு பாட்டைப் போடுங்கள்.